கார் மலிவு; ரிப்பேர் மலிவா?

கணவன், மனைவி, மூன்று குழந்தைகள், ஒரு நாய். சுவீடன் நாட்டில் இப்படி ஒரு நடுத்தரக் குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

அவர்களுக்கு ஒரு கார் தேவை. புதுக் கார் வாங்கப் பணம் போதாது. சின்னக் கார் வாங்கினால் இடம் போதாது.

அந்த நேரத்தில் ஒரு பழைய கார் விலைக்கு வருகிறது. பார்வைக்குப் பெரியது. விலையோ சிறியது! கணவர் முகம் மலர்கிறது.

"இதையே வாங்கி விடலாம்" என்கிறார் அவர்.

"வாங்கலாம். ரிப்பேருக்குப் பணம் எங்கே?" என்று கேட்கிறாள் மனைவி.

கெட்டிக்காரப் பெண்! பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் பெரும்பாலோர் அதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். அதற்குள் பணம் கை மாறி விடுகிறது.

ஸ்டேஷன் வாகன்

இந்தக் குடும்பம் பார்த்த கார், "ஸ்டேஷன் வாகன்" என்ற வகையைச் சேர்ந்தது.

சாதாரணக் காரில் பின்பக்கம் தனியாக ஒரு டிக்கி இருக்கும். ஸ்டேஷன் வாகனில் அப்படி இல்லை. கூரை, வண்டியின் கடைசி வரை நீண்டு போகும். பின்னால் ஒரு பெரிய கதவு இருக்கும். பின் சீட்டை மடக்கி விட்டால் மேஜை, நாற்காலி, மெத்தை எல்லாம் ஏற்றலாம்.

அமெரிக்காவில் ரெயில்வே ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களையும், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிச் செல்ல இத்தகைய வண்டிகள் பயன்பட்டன. அதனால் வந்த பெயர் இது. இங்கிலாந்தில் இதற்கு "எஸ்டேட் கார்" என்று பெயர்.

செங்கல் கார்!

இந்த இனத்தில் உலகப் புகழ் பெற்றது, சுவீடனின் "வால்வோ 240".

இது 1974-ம் ஆண்டு வெளிவந்தது. 1993-ம் ஆண்டு வரை தயாரானது. சாதாரணக் கார், ஸ்டேஷன் வாகன் இரண்டும் சேர்த்து 28 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்பனைக்கு வந்தன.

அழகில் இதற்கு மார்க்குப் போட முடியாது. எங்கே பார்த்தாலும் சதுரம்! இதை விரும்புகிறவர்களே "செங்கல்" என்று செல்லப் பெயர் வைத்து விட்டார்கள்.

ஆனால் உழைப்பில் இது யானை. ஒழுங்காகக் கவனித்த வண்டிகள் 3 லட்சம், 4 லட்சம் கிலோ மீட்டர் கூட ஓடியிருக்கின்றன.

இந்தக் கம்பெனிக்குப் பாதுகாப்பிலும் நல்ல பெயர் உண்டு. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட்டை 1959-ம் ஆண்டில் காரில் பொருத்தியது இந்தக் கம்பெனிதான். அதை உருவாக்கியவர் நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர். அந்த உரிமையைக் கம்பெனி பூட்டி வைத்துக் கொள்ளவில்லை. மற்றக் கம்பெனிகளும் செய்து கொள்ளட்டும் என்று விட்டு விட்டது!

இவ்வளவு பெருமை இருக்கிறதே, கண்ணை மூடிக் கொண்டு பழைய வண்டியை வாங்கலாமா?

கூடாது!

யானைக்கும் நோய் வரும்

சுவீடனில் குளிர் காலத்தில் சாலை எல்லாம் பனிக்கட்டி உறையும். அதைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு, காரின் அடிப்பாகத்தை அரிக்கும். மேலே பளபளப்பு, கீழே துரு!

மற்றொரு நோய், மின்சார ஒயர். 1980-களில் தயாரான பல வண்டிகளில், என்ஜின் பக்கம் உள்ள ஒயர்களின் மேலுறை நாளடைவில் பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஒயரோடு ஒயர் உரசினால் கார் நடு வழியில் நிற்கும்.

என்ஜினில் சேரும் புகையை வெளியேற்றும் பாதையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமான் உண்டு. அதன் விலை மிகக் குறைவு. அவ்வப்போது சுத்தம் செய்தால் போதும். செய்யாமல் விட்டால் அது அடைத்துக் கொள்ளும். உள்ளே அழுத்தம் கூடும். எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். சில காசுச் சோம்பல், பல நூறு செலவில் முடியும்!

காருக்குள் காற்று வீசும் மோட்டார் கெட்டுப் போனால் இன்னும் வேடிக்கை. மோட்டாரை மாற்ற, முன்பக்கப் பலகையை எல்லாம் கழற்ற வேண்டும். வேலை பல மணி நேரம் பிடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்!

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. பல வண்டிகளில் அது உடைந்து போயிற்று. பிறகு வண்டி ஓடும், மீட்டர் ஓடாது! "இரண்டு லட்சம்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சத்தியம் செய்யலாம். மீட்டரும் அதையே சொல்லும். உண்மை யாருக்குத் தெரியும்?

விலை இறங்கும், சாமான் விலை இறங்காது!

"அப்படியானால் அவ்வளவு பழைய வண்டி வேண்டாம். பத்து வருஷம் ஓடிய, உயர்ந்த ரக வண்டியாக வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

ஆபத்து அங்கேதான் அதிகம்!

ஐரோப்பாவின் ஆடம்பர ஸ்டேஷன் வாகன் புதிதாக வரும்போது விலை மலை போல் இருக்கும். பத்து வருஷத்தில் மடுவாகி விடும். பார்ப்பவருக்கு நாக்கில் நீர் ஊறும்.

ஆனால் அதன் உதிரிச் சாமான்களின் விலை? அது ஆடம்பரக் காரின் விலையாகவே நிற்கும்.

இத்தகைய வண்டிகள் சிலவற்றில், இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப் பைதான் வண்டியைத் தாங்குகிறது. பை ஓட்டையானால் கார் ஒரு பக்கம் உட்கார்ந்து விடும். கியர் தானாக மாறும். அது மக்கர் செய்தால், சாதாரணப் பட்டறையில் தொட மாட்டார்கள். சில சமயம் ஒரே ரிப்பேர், காரின் விலையில் பாதியை விழுங்கி விடும்!

யானையை யாராவது இலவசமாகக் கொடுத்தால் கூட, தீனி போட முடியுமா என்று யோசிக்கிறோம். காருக்கு மட்டும் ஏன் யோசிப்பதில்லை?

பழையதே வேண்டாமா?

அப்படிச் சொல்வதும் சரியல்ல. புதுக் காரின் விலை, முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக விழுகிறது. அந்த நஷ்டம் முதல் சொந்தக்காரர் தலையில் விழும். அடுத்து வாங்குகிறவருக்கு அது லாபம். சிக்கனமான குடும்பத்துக்குப் பழைய கார் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் குழந்தைகள் உட்காரப் போகும் வண்டி இது. "செங்கல் கார்" அதன் காலத்தில் பத்திரமானது. அதற்குப் பிறகு எத்தனையோ வசதிகள் வந்து விட்டன. வழுக்கும் சாலையில் கார் தடம் மாறாமல் பிடித்துக் கொள்ளும் மின்னணுக் கருவி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். வால்வோ 240-ல் அது கிடையாது. பழைய புகழை நம்பிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

ஆகவே மிகப் பழையதும் வேண்டாம். மிக ஆடம்பரமும் வேண்டாம். எளிய அமைப்புள்ள, கணக்கு வைத்து ஓட்டிய வண்டியே குடும்பத்துக்கு ஏற்றது.

ஏட்டைக் கேளுங்கள்!

கணக்கு என்பது, எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினார்கள், எப்போது பெல்ட் மாற்றினார்கள், எந்தப் பட்டறையில் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்த ஏடு. மீட்டர் பொய் சொல்லலாம். பல வருஷத்து ரசீதுகள் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

சுவீடனில் 1965-ம் ஆண்டு முதல் கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. அந்தச் சோதனைத் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். துரு எப்போது தொடங்கியது என்பது அதில் தெரிந்து விடும்.

காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

அந்த வண்டிக்கு உங்கள் ஊரில் சாமான் கிடைக்குமா, வேலை தெரிந்த பட்டறை இருக்கிறதா என்றும் முன்பே விசாரியுங்கள். பேர் பெற்ற காராக இருந்து என்ன? ஒரு திருகாணிக்காக ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தால், அது கார் அல்ல. வாசலில் நிற்கும் பொம்மை!

கையில் 100 ரூபாய் இருந்தால் 100 ரூபாய்க்கும் கார் வாங்காதீர்கள். 75 ரூபாய்க்கு வாங்குங்கள். மீதி 25 ரூபாய் பெட்டியில் இருக்கட்டும். முதல் வருஷத்திலேயே அதற்கு வேலை வரும்.

அந்தச் சுவீடன் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியது இதுதான். மனைவியின் கேள்விக்குப் பதில், விற்பவரின் வாயில் இல்லை. அவர் வைத்திருக்கும் ஏட்டில் இருக்கிறது.

ஏடு இருந்தால் உட்கார்ந்து பேரம் பேசுங்கள். ஏடு இல்லையா? எழுந்து வந்து விடுங்கள்!