நாடிக்குள் ஒரு கம்பிக்கூடு

இருதய நாடி அடைபட்டவர்க்கு “ஸ்டென்ட்” வைத்தார்கள் என்ற பேச்சு இன்று நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. அடைப்பு நீங்கிவிட்டது, இனிக் கவலை இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அத்துணை எளிதன்று. அச்சிறு கம்பிக்கூடு அடைப்பைத் திறப்பதோடு, ஓடும் இரத்தத்தின் நடுவே தானும் ஒரு தடையாய் நிற்கின்றது.

குழாயொன்றின் ஆரை பாதியானால், அதே அமுக்கத்தில் அதனூடு செல்லும் திரவம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பிரான்சு தேசத்து வைத்தியர் புவாசேயின் பெயரால் வழங்கும் விதி இது. ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் விட்டமே உள்ள இருதய நாடியிற் கொழுப்புப் படிந்தால் விளைவு யாதாகும் என்பதை இதனால் உணரலாம்.

1977ஆம் ஆண்டு சூரிச் நகரிலே குருன்ட்சிக் என்னும் வைத்தியர், சிறு பலூனை நாடிக்குட் செலுத்தி விரித்து வழியைத் திறந்தார். ஆயினும் திறந்த நாடி சிலரில் மீண்டும் சுருங்கிற்று. அதனைத் தாங்கி நிறுத்தவே, 1986இல் துலூஸ் நகரிற் புவெலும் லொசானிற் சிக்வார்ட்டும் உலோகக் கூட்டை மனிதரின் இருதய நாடியிற் பொருத்தினர்.

ஆற்றிலே நிற்கும் பாலத்தூணைப் பாருங்கள். தூணின் பின்புறத்தே நீர் சுழன்று தயங்க, அங்கே சருகும் நுரையும் சேர்கின்றன. நாடியிலும் அவ்வாறே. சுவரினின்று துருத்திநிற்கும் ஒவ்வொரு கம்பியின் அருகிலும் இரத்தம் சுழன்று தேங்குகின்றது. நாடியின் உட்சுவர்க் கலங்கள் இரத்தம் உராய்ந்து செல்வதை உணரும் இயல்பின. உராய்வு குறைந்த இடத்தில் இழையம் மிகுந்து வளர்ந்து வழியை மீண்டும் குறுக்கக்கூடும். இரத்தம் உறைவதற்கும் அங்கே இடமுண்டு.

ஆகவே கம்பி மெல்லியதாதல் நன்று. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 651 நோயாளர் இரு பிரிவாயினர். 50 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள கம்பிக்கூடு பெற்றோரில் நூற்றுக்குப் 15 பேருக்கும், 140 மைக்ரோமீற்றர் தடிப்புள்ளதைப் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கும் நாடி மீண்டும் குறுகிற்று. கம்பிகள் மிக நெருங்கினால் சுழல்கள் ஒன்றோடொன்று கலக்கும். மிக அகன்றால் இடைவெளியாற் கொழுப்புப் பிதுங்கும். மிக மெலிந்தால் தாங்கும் வலிமை குன்றும். இவற்றிடையே சமநிலை காண்பதே வடிவமைப்போரின் பணி. வலிமை மிக்க கோபால்ற்று–குரோமியக் கலப்புலோகம் மெல்லிய கம்பிகளுக்கு வழிசெய்தது. வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய கூடுகளும் 2002 முதல் வழக்கிற்கு வந்தன.

கம்பிகள் நாளடைவில் உட்சுவர்க் கலங்களால் மூடப்படுகின்றன. அதுவரை உலோகம் இரத்தத்திற்கு நேரே வெளிப்பட்டு நிற்கும். இரத்தம் உறையாதிருக்க வைத்தியர் மாத்திரைகள் கொடுப்பது இதனாலேயே. நெஞ்சுநோ தீர்ந்துவிட்டதென்று அவற்றைத் தாமாகவே நிறுத்துவோர் பேராபத்தை வலிந்து அழைக்கின்றனர். பல் பிடுங்குவதாயினும், வேறு சத்திரசிகிச்சையாயினும், இருதய வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளை மருந்தையும் விடலாகாது. வீட்டிலுள்ளோர் இதை நினைவில் இருத்துவார்களாக.