தராசு பிடித்த கை சட்டசபைக்குப் போகலாமா?

ஒரு மளிகைக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். விருதுநகர் கடைத்தெருவில் 20 ஆண்டுகளாகக் கடை நடத்துகிறார். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், மல்லி எல்லாம் விற்கிறார். எடை சரியாக இருக்கும். ஊரில் நல்ல பெயர்.

ஒரு நாள் காலையில் நாலு பேர் கடைக்கு வருகிறார்கள்.

"அண்ணாச்சி! இந்தத் தடவை நீங்கள் எலெக்‌ஷனில் நிற்க வேண்டும். உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை!" என்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு உள்ளூர மகிழ்ச்சி. இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறார்.

அந்த அம்மாள் சோறு பரிமாறிக்கொண்டே இரண்டு கேள்வி கேட்கிறார்:

"செலவுக்குப் பணம் யார் போடுவது? நீங்கள் போய்விட்டால் கடையை யார் பார்ப்பது?"

எந்த அரசியல் மேடையிலும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்! அந்த இரண்டு கேள்விகளையும் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கடைக்காரர் நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம். 25 வயது நிரம்பிய எந்த வாக்காளரும் சட்டசபைத் தேர்தலில் போட்டியிட முடியும். டிபாசிட் தொகை 10 ஆயிரம் ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. அங்கீகாரம் பெற்ற கட்சியின் ஆள் என்றால், அவர் பெயரை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சை என்றால் 10 பேர் வேண்டும். பதிவான நல்ல ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் டிபாசிட் போய்விடும்.

முன்பு அப்படி இல்லை. 1937-ல் நடந்த தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர், படித்தவர் போன்ற சிலருக்குத்தான் ஓட்டு. கூலி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேடிக்கைதான் பார்த்தார்கள். 1952 தேர்தலில்தான் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்.

ஜவுளிக் கடைப் பையன்

அந்த 1937 தேர்தலில் சாத்தூர் தொகுதியில் போட்டியின்றி வெற்றி பெற்றவர் யார் தெரியுமா? விருதுநகர் காமராஜ்!

அவருடைய தகப்பனார் குமாரசாமி தேங்காய் வியாபாரி. காமராஜ் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாய் சிவகாமி அம்மாள் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையனின் படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். துணி மடித்த அந்தக் கைதான் 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாகக் கையெழுத்துப் போட்டது.

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஹாரி ட்ரூமன் என்பவர் 1919-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஆண்கள் உடைகள் விற்கும் கடை திறந்தார். 1922-ல் கடை நொடித்தது. கடன்காரர்கள் நெருக்கினார்கள். ட்ரூமன் மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்தார். கடை மூடிய அதே ஆண்டில் தேர்தலில் நின்று ஒரு மாவட்டப் பதவியைப் பிடித்தார். 1945-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்!

ஆகவே, "கடைக்காரனுக்கு அரசியல் எதற்கு?" என்று யாரும் கேலி பேச வேண்டாம். சொல்லப்போனால், விருதுநகர் வியாபாரிகளுக்குப் பொதுப் பணம் புதிதே அல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கினார்கள். அப்படிச் சேர்த்துத்தான் 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவை நடத்தினார்கள். காமராஜ் படித்தது அந்தப் பள்ளியில்தான். ஊர்ப் பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்வது அவர்களுக்குப் பழகிய காரியம்.

முதல் கேள்வி: பணம் யாருடையது?

இப்போது அந்த அம்மாளின் முதல் கேள்விக்கு வருவோம்.

ஒரு சட்டசபை அபேட்சகர் நமது மாநிலத்தில் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். ஒரு சிறு கடைக்காரர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

கடையில் முதல் போட்டால் லாபம் எடுக்க வேண்டும். அது வியாபார தர்மம். ஆனால் தேர்தலில் போட்ட பணத்தை 'முதல்' என்று நினைத்தால் வந்தது ஆபத்து! ஜெயித்த மறுநாளே வசூல் தொடங்கிவிடும். பிறர் பணம் போட்டிருந்தாலோ இன்னும் மோசம். ஜெயித்தவர் அவர்களுக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். தேர்தலில் நிற்கிற கடைக்காரர் இழந்தாலும் குடும்பம் தாங்கும் அளவுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து ஓட்டுக் கேட்கப் போகக்கூடாது.

இரண்டாவது கேள்வி: கடையா, சபையா?

1941-ல் காமராஜ் சிறையில் இருந்தார். அப்போது அவரை விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் என்ன செய்தார்? பதவியை ராஜினாமா செய்தார்! கட்சிப் பொறுப்பும் நகரசபைப் பொறுப்பும் ஒரே தலையில் இருந்தால், ஒன்றுக்காவது குறை வரும் என்பது அவர் எண்ணம்.

கடைக்காரருக்கும் இது பொருந்தும். காலையில் கல்லாவில் உட்கார்ந்து, மாலையில் தொகுதியைப் பார்க்க முடியாது. கடையை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைக்க வேண்டும். அதோடு, 'எம்.எல்.ஏ. கடை' என்று சொல்லி அவர்கள் சலுகை கேட்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்காருக்குச் சரக்குக் கொடுக்கும் ஒப்பந்தம், கட்டிட காண்டிராக்ட் கையில் இருந்தால் தேர்தலில் நிற்கவே தகுதி இல்லை என்று 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும் அல்லவா?

சிவகாசி கேட்கும் மூன்றாவது கேள்வி

அந்த அம்மாள் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைச் சிவகாசிப் பெண்கள் கேட்க வேண்டும்.

அய்யநாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். வானம் பார்த்த பூமிக்கு அவை சோறு போட்டன. ஆனால் உயிரும் கேட்டன.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. முதலாளிக்கு நஷ்டம். தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறு பட்டாசு ஆலை முதலாளி தேர்தலில் நிற்கிறார் என்று வையுங்கள். வரியைக் குறைக்கச் சொல்லி அவர் சபையில் நன்றாகப் பேசுவார். பேசட்டும். அது ஊருக்கே நல்லதுதான்.

ஆனால் ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆள் வைப்பதைப் பற்றிப் பேசுவாரா? ஆலையை உள்குத்தகைக்கு விடுவதைக் கண்டிப்பாரா? இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு தாமதமானால் எழுந்து நிற்பாரா? அவர் ஆலைக்கே பூட்டுப் போடக்கூடிய சட்டத்துக்கு அவர் கை தூக்குவாரா?

"தூக்குவேன்" என்று ஊரறியச் சொல்கிறவருக்கு ஓட்டுப் போடுங்கள். மழுப்புகிறவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கடைக்கும் சபைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடையில் காசு கொண்டு வருகிறவருக்குத்தான் சரக்கு. சபையில் காசு இல்லாதவருக்குத்தான் முதலில் பேச வேண்டும். தனக்கு ஓட்டுப் போடாதவருக்கும் பேச வேண்டும்!

தராசு யார் கையில்?

1967-ல் விருதுநகரில் காமராஜ் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் பெ.சீனிவாசன் என்ற இளைஞர். மாணவர் தலைவராக இருந்தவர். 1,285 ஓட்டு வித்தியாசத்தில் காமராஜ் தோற்றார்! அவ்வளவு பெரிய தலைவரையே சொந்த ஊர் எடை போட்டுப் பார்த்தது. அந்தத் தீர்ப்பு சரியா, தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் தராசு மக்கள் கையில்தான் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனவே, அண்ணாச்சி நிற்கட்டும்! கட்சிக்காரர்கள் மட்டுமே சபையை நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. விலைவாசி தெரிந்தவர், கடன் கொடுத்துப் பழகியவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் சபைக்கு வருவது நல்லதே.

கடையில் அவர் நமக்கு நிறுத்துக் கொடுத்தார். தேர்தல் அன்று நாம் அவரை நிறுத்துப் பார்ப்போம். எடை குறையாமல் இருக்கட்டும்!