உ.வே.சா.வின் எமிஸ் எண் என்ன?

போன மாதம் பாபநாசத்தில் ஒரு கல்யாணம். ரசம் முடிந்து மோருக்குக் காத்திருந்த நேரம். பக்கத்து இலையில் பெரியப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். என் மகளைப் பார்த்துக் கேட்டார்: “எந்த ஸ்கூல்ம்மா?”

“ஸ்கூல் இல்ல தாத்தா. வீட்லதான் படிச்சேன்.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, புள்ள வாழ்க்கையில வெளயாடுறியா? நாளைக்கு எந்த காலேஜ்ல சீட்டு குடுப்பான்? ஆன்லைன்ல அப்ளிகேஷனையே ஏத்துக்காதாமே!” எதிர்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். மோர் வந்துவிட்டது. பந்தியில் சண்டை போட்டால் பெண் வீட்டார் வருத்தப்படுவார்கள் என்று குனிந்து சாப்பிட்டேன்.

அந்த ‘ஆமே’யைக் கவனியுங்கள். யார் சொன்னார், எங்கே எழுதியிருக்கிறது என்ற கவலை எதுவும் இல்லாமல் ஒரு பொய்யை ஊர் முழுக்க நடமாடவிட இந்தச் சின்ன விகுதி போதும். ‘கிடைக்காதாம்’, ‘செல்லாதாம்’, ‘கவர்மெண்ட்டே ஒத்துக்கிறதில்லையாம்’. என் மகளை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து இந்த ஆம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஏற்றுக்கொள்ளாத அந்த அப்ளிகேஷனுக்கு வருகிறேன்.

மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு கல்லூரி. பி.எஸ்சி. இயற்பியல். இரவு பத்து மணிக்கு மகளும் நானும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் தாண்டியாகிவிட்டது. போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும் என்றது, குறைத்தோம். முகம் தெளிவாக இல்லை என்றது, கூட்டினோம். அடுத்த பக்கத்தில் ஏழு வரிசைகள்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஒவ்வொரு வருஷமும் பள்ளியின் பெயர், மாவட்டம், பின்கோடு. எல்லாவற்றுக்கும் தலையில் சிவப்பு நட்சத்திரம். கீழே எமிஸ் எண். பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை தரும் எண் அது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மறுநாள் பிரவுசிங் சென்டர் தம்பியிடம் போனேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஏதாவது ஒரு ஸ்கூல் பேரப் போட்டுடுங்க சார். யாரு பாக்கப் போறா?”

நிஜத்தைச் சொன்னால் திறக்காத பக்கம் பொய்யைச் சொன்னால் திறக்கும். பெரியப்பா கட்சிக்காரர்களுக்கு இதில் எந்த உறுத்தலும் இல்லை. நட்சத்திரத்தைப் போட்டது யாரோ ஒரு புரோகிராம் எழுதும் பையன், அவனுக்கு அன்று வேறு யோசனை வரவில்லை என்று அவர்களுக்குத் தோன்றாது. அரசியல் சாசனமே சிவப்பு மையில் வந்து கையெழுத்திட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் ஒருவர்தான். 1880-இல் காவிரிக் கரையில் இருக்கும் கும்பகோணம் கல்லூரிக்குள் ஒரு இருபத்தைந்து வயதுக்காரர் நுழைந்தார், தமிழ் ஆசிரியராக. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன், நாம் உ.வே.சா. என்று சொல்கிறவர். அவரை இந்தப் படிவத்தின் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பு: அரியலூர் சடகோபையங்கார். ஏழாம் வகுப்பு: குன்னம் சிதம்பரம் பிள்ளை. எட்டு: கார்குடி கஸ்தூரி ஐயங்கார். ஒன்பது: செங்கணம் விருத்தாசல ரெட்டியார். பத்து முதல் பன்னிரண்டு வரை: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மாவட்டம், பிள்ளையவர்கள் அன்றைக்கு எந்த ஊரில் தங்கியிருக்கிறாரோ அது. பின்கோடு? எமிஸ் எண்? ‘தவறான உள்ளீடு. மீண்டும் முயலவும்.’

மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி, குடும்பத்தையே ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டு போனார் அந்த அப்பா. அவரையும் எந்தப் பந்தியிலாவது எந்தப் பெரியப்பாவாவது ‘புள்ள வாழ்க்கையில வெளயாடுறியா’ என்று கேட்டிருப்பார். நிச்சயம் கேட்டிருப்பார்.

உ.வே.சா. ஆசிரியராகத்தானே போனார், மாணவராக அல்லவே என்று யாராவது குறுக்கே வருவீர்கள். அப்படியானால் விஷயம் இன்னும் மோசம். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரைப் பாடம் நடத்தவே கூப்பிட்டார்கள். அங்கே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெறப்போகும் தியாகராச செட்டியார் தன் இடத்துக்கு இவர்தான் சரி என்று சிபாரிசு செய்தார். கல்லூரிக்காரர்கள் நேரில் வைத்துப் பாடல் சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். இதற்கு சர்வர் தேவைப்படவில்லை, ஓ.டி.பி. தேவைப்படவில்லை. நாம் இன்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு இயற்பியல் தெரியுமா என்று கண்டுபிடிக்க அவள் ஏழாம் வகுப்புப் படித்த இடத்தின் பின்கோடைக் கேட்கிறோம்.

என் மகள் ஒன்றும் காற்றில் வந்து நிற்கவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசுடையது. 1979-இல் சி.பி.எஸ்.இ. ஒரு சோதனையாகத் தொடங்கியது, 1989-இல் தனி நிறுவனமானது. பெரியப்பா சர்வீஸில் இருந்தபோதே இருந்தது. அதில் ஐந்து பாடம் எழுதி பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். இயற்பியல் பாடத்தின் எண் 312, வேதியியல் 313; எங்கள் வீட்டில் இந்த எண்கள் பால்காரர் கணக்கு மாதிரிப் புழங்கும். ஒப்படைப்பு எழுதிக் கொடுத்தாள், செய்முறைத் தேர்வுக்குப் போனாள். ‘டி.சி. எங்கிருந்து வரும்’ என்பார்கள். இடப்பெயர்வுச் சான்றும் மாற்றுச் சான்றும் சேர்ந்த ஒரே தாளை அந்த நிறுவனமே தருகிறது. ஐ.ஐ.டி. பக்கம் போக வேண்டுமென்றால் ஜே.இ.இ. மெயின் தகவல் கையேட்டிலேயே, குறைந்தது ஐந்து பாடத்தோடு என்.ஐ.ஓ.எஸ். பெயர் அச்சாகியிருக்கிறது. மருத்துவத்தில் மட்டும் ஒரு தடை இருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற விதியை 2018-இல் டில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மேல்முறையீடும் 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. இதையெல்லாம் பந்தியில் யாரும் பேசுவதில்லை. ‘ஆம்’ விகுதிக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது.

வீட்டுக்கல்விக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. யாராவது சந்தேகம் கேட்டால் உடனே மாளவிகா ராஜ் ஜோஷியை இழுப்பார்கள். மும்பைப் பெண், பத்தாவது பன்னிரண்டாவது எதுவும் எழுதாதவர், சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம், 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அழைத்துக்கொண்டது. பன்னிரண்டாவது இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு அவருக்குத் திறக்கவில்லை. இங்கே சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் மட்டும் அறிவைப் பார்த்து முதுநிலை வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. நல்லது, சந்தோஷம். என் மகளுக்குப் பதக்கம் கிடையாது. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்திருப்பாள். சாதாரணப் பிள்ளை சாதாரணக் கல்லூரியில் சேர்வதற்கு எதற்கய்யா ஒலிம்பியாட்?

பள்ளியின் பெயரைப் போட்டவர்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனவர்களா? அங்கே வாருங்கள். ‘டம்மி ஸ்கூல்’ என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. பெயர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், உடம்பு கோச்சிங் சென்டரில். பிள்ளை அந்தப் பள்ளியின் கேட் என்ன நிறம் என்று சொல்லாது. ஆனால் ஏழு வரிசையும் நிரம்பும், பின்கோடு சரியாக இருக்கும், நன்னடத்தைச் சான்றிதழ் வேறு கிடைக்கும். 2024 நவம்பரில் இந்த மாதிரி 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது, டில்லியிலும் ராஜஸ்தானிலும். நம் ஊரில் பதினோராம் வகுப்பையே தாண்டிக் குதித்து, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகளைத் தெரியாதவர் உண்டா? அதற்குக் கடிவாளம் போடத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பதினோராம் வகுப்பே நடக்காத பள்ளியில் பதினொன்று படித்ததாக எழுதினால் படிவம் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்த பிள்ளைக்குச் சிவப்பு நட்சத்திரம்.

நன்னடத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. அதையும் கேட்டிருந்தார்கள். ‘கடைசியாகப் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியர் கையொப்பத்துடன்.’ எங்கள் வீட்டுத் தலைமையாசிரியர் என் மனைவிதான். மகளின் நடத்தையைப் பற்றி அவள் எழுத ஆரம்பித்தால் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது.

உ.வே.சா. வேலையில் சேர்ந்த அதே 1880-இல், சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தார். உ.வே.சா. போய்ப் பார்த்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தேன் என்று சொன்னதில் முதலியார் அசரவில்லை. என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கியதையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை. சிந்தாமணி தெரியுமா என்றார். தெரியாது. அந்தத் தெரியாது என்ற பதிலிலிருந்து ஏழு வருஷம் கழித்து, 1887-இல், சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆறாம் வகுப்பு எங்கே என்று அன்றும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் நான் அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதினோரு தடவை எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை ஒரு அம்மா எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வழக்கை எடுத்துரைக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டார்.

“என்.ஐ.ஓ.எஸ். தானே சார்? வருஷா வருஷம் வர்றாங்களே. ஸ்கூல் பேர்ல எல்லாம் ‘இல்லை’னு போடுங்க. பின்கோடுக்கு ஆறு சைபர். எமிஸ்லயும் சைபரே போடுங்க, எடுத்துக்கும். ஒரிஜினல் நேர்ல வர்றப்ப பாத்துக்கலாம்.”

எடுத்துக்கொண்டது. ஏழு வரிசையிலும் இல்லை, இல்லை, இல்லை என்று அடித்தபோது மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னோம். “அப்ளிகேஷன்தானே ஏத்துக்கிச்சு? சீட்டு குடுக்க மாட்டானாம்” என்றார்.

விண்ணப்பக் கட்டணம் மட்டும் இரண்டு முறை பிடித்துவிட்டார்கள். பக்கம் நடுவில் நின்றுபோனதால் மறுபடி அழுத்தியது என் தப்பாம். ஒன்று ஏழு வேலை நாளில் திரும்பி வரும் என்று குறுஞ்செய்தி வந்தது. இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.