வரப்பில் கிடந்தது கட்டுவிரியனா?

கேள்வி: ‘‘மும்முனை மின்சாரம் இரவில் வருவதால், என் கணவர் விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் போடப் போகிறார். போன வாரம் வரப்பில் ஒரு முழ நீளப் பாம்பு கிடந்ததாம். பழுப்பு உடம்பு. கழுத்திலிருந்தே வெள்ளைப் பட்டை இருந்தது, வால் பக்கம் மங்கியிருந்தது என்கிறார். ஊரார் கட்டுவிரியன் என்கிறார்கள். பிள்ளைகள் அந்த வரப்பு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். எப்படி அடையாளம் காண்பது?’’

- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது வெள்ளிக்கோல் வரையனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல்லிகளைத் தின்று வாழும், விஷமில்லாத பாம்பு அது. கட்டுவிரியன் என்று நினைத்து அடிக்கப்படுவதும் அதுதான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டைகள் தெளிவாக இருக்கும். வாலை நோக்கிப் போகப்போக மங்கிவிடும். நிறம் பழுப்பு, தலை தட்டை. சுவரில்கூட ஏறும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். பளபளப்பான கறுப்பு அல்லது நீலக்கறுப்பு உடம்பு. பட்டைகள் மெல்லியதாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கழுத்தருகே இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, வால் பக்கம் தெளிவாகும். ஆனால், குட்டி விரியனுக்கு முன்பக்கமும் வெள்ளை தெரியலாம். அதனால், டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ‘இது விஷமில்லாதது’ என்று கையில் எடுக்கவே கூடாது.

‘தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷப்பாம்பு’ என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடி விரியனுக்கு அது பொருந்தும். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பொருந்தாது.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவு தரையில் படுத்தவர் வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ‘பித்தம்’ என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பாம்பு கடித்தால், அதை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. தேடும் நேரம் வீண், இன்னொருவரும் கடிபடலாம். நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அறிகுறிகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் இந்த நான்கு பாம்புகளிடமிருந்து எடுக்கும் விஷம்தான் இந்த மருந்துக்கு மூலப்பொருளாகப் போகிறது.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல், கடிபட்ட கை, காலை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது.

உங்கள் கணவர் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ், டார்ச் இல்லாமல் இரவில் வரப்பில் இறங்க வேண்டாம். தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்கட்டும். மோட்டார் அறையில் தூங்க நேர்ந்தால் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளட்டும். பிள்ளைகள் நடக்கும் வரப்பின் இரண்டு பக்கமும் புல்லை அறுத்து, எலி வளைகளை அடைத்து வையுங்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

சாரைப்பாம்பு தென்பட்டால் விட்டுவிடுங்கள். நெல் வயலில் எலியைப் பிடித்துத் தின்னும், கூலி கேட்காத வேலையாள் அது. வீட்டுக்குள் எந்தப் பாம்பு வந்தாலும் தூரத்தில் நின்று கண்காணித்தபடி, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.