இளைக்கும் ஆட்டுக்கும் ஊசி வேண்டும்

வடசென்னை எர்ணாவூரில் நாலு ஆடு வைத்திருப்பவருக்கும் ஆட்டுக்கொல்லி தெரியும், துள்ளுமாரி தெரியும். சட்டென்று கொல்லும் நோய்க்குப் பயப்படுகிறோம். ஆட்டுக்கொல்லிக்கு அரசே தடுப்பூசி போடுகிறது. நான் கேட்பது, மெதுவாகக் கொல்லும் ஜோனிஸ் நோய்க்கும் ஒரு ஊசி.

எங்களிடம் ஒரு கருப்பு வெள்ளாடு இருந்தது. இரண்டு ஈத்து ஈன்றது. அகத்திக்கீரை, மார்க்கெட்டில் கழித்த கோஸ் இலை, எதைப் போட்டாலும் தின்றது. ஆனாலும் விலா எலும்பு தெரிய இளைத்தது. குடற்புழு மருந்து கொடுத்தும் தேறவில்லை. புழுக்கையைச் சோதித்த பிறகுதான் மருத்துவர் ஜோனிஸ் என்று நோயின் பெயரைச் சொன்னார்.

இந்த நோயின் கிருமி காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. குடல் சுவரில் தங்கி அதைத் தடிக்கவைக்கிறது. தின்ற தீனி உடம்பில் ஒட்டாது. பால் வழியாகவும் புழுக்கை பட்ட மடி வழியாகவும் குட்டியிலேயே தொற்றி, வருடங்கள் கழித்தே வெளியே தெரியும். மாட்டுக்கு வருவதுபோல விடாத கழிச்சல் ஆட்டுக்குப் பெரும்பாலும் வராது. அதனால் தீனி போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம். குணப்படுத்த மருந்தில்லை. தேறாத ஆட்டை அடுத்த தெருக்காரருக்கு விற்கிறோம், நோயும் கூடவே போகிறது.

நோயுற்றதைத் தனியே கட்டுங்கள் என்கிறார்கள். ஒற்றை அறை வீட்டு வாசலில் எங்கே கட்டுவது? திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பல வீட்டு ஆடுகள் ஒரே குப்பைமேட்டில்தான் மேய்கின்றன. நிழல் மண்ணில் இந்தக் கிருமி ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். இடமில்லாத எங்களுக்குத்தான் ஊசி அவசியம்.

நார்வேயில் 1967 முதல் வெள்ளாடுகளுக்கு ஊசி போட்டார்கள். சுமார் 15 ஆண்டுகளில், பிரேதப் பரிசோதனையில் தெரிந்த தொற்று 53 சதவீதத்திலிருந்து 1 சதவீதமானது. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுக் கிருமியிலிருந்தே தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. குறைகளும் உண்டு: ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம், காசநோய்ச் சோதனையைக் குழப்பலாம், தொற்றை முழுதாகத் தடுக்காது. ஆனால் புழுக்கையில் வெளியேறும் கிருமியைக் குறைக்கும். எங்கள் தெருவுக்கு அது பெரிய விஷயம்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் பக்கத்து மாதவரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வந்து எங்கள் தெருக்களில் புழுக்கை எடுத்துச் சோதியுங்கள். நோய் தெரிந்த இடங்களில், ஆட்டுக்கொல்லி ஊசியோடு வரும் குழுவே குட்டிகளுக்கு இதையும் போடட்டும்.