எண்ணுக்கும் ஒரு மடை வேண்டும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்க்காமல் கடக்க முடியாது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். வெயிலும் காற்றும் உப்பை விளைவிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே ஓர் எண்ணும் அங்கே வேலை செய்கிறது.

அதுதான் டிகிரி. வெப்பத்தின் டிகிரி அல்ல. உவர்நீரில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கும் 'போமே' டிகிரி. கடல்நீர் சுமார் 3 டிகிரி இருக்கும். அது சுண்டிச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து, உப்பு கசக்கும். சீக்கிரம் ஈரம் இழுக்கும். அதனால் தண்ணீரை உள்ளே விடுவதும் வெளியேற்றுவதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

கம்ப்யூட்டரில் இப்படி ஒரு மடை தானாக இருக்காது. எழுதுகிறவர்தான் கட்ட வேண்டும்.

உப்பளத் தொழிலாளி வீட்டு மாணவி ஒருவர், மூட்டை பிடிப்பவர்களின் கூலிக் கணக்குக்காகப் பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமாண்ட் லைனில் ஓடுவது. பட்டன், படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் கேள்வி வரும். பதிலை டைப் செய்ய வேண்டும். 'காலையில் எத்தனை மூட்டை?' 40. 'மாலையில்?' 35. மொத்தம் 4035!

காரணம் எளிது. பைத்தானின் 'இன்புட்' கட்டளை எதைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வாங்கும். எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும்.

முதல் மடை, வந்தது எண்தானா என்பது. 'இன்ட்' கட்டளை எழுத்தை முழு எண்ணாக மாற்றும். முடியாவிட்டால் 'வேல்யூ எரர்' காட்டும். 'ட்ரை - எக்ஸெப்ட்' போட்டு அந்தப் பிழையைப் பிடித்து, மறுபடி கேட்க வைப்பதே நல்ல வழி. சிலர் மாற்றுவதற்கு முன் 'இஸ்நியூமெரிக்' போட்டுச் சோதிப்பார்கள். அதில் நம் மொழிக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. ௧௨ என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் பைத்தான் அழகாக 12 என்று எடுத்துக்கொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ என்று கொடுத்தால், சோதனை 'எண்தான்' என்று சொல்லும்; 'இன்ட்' கையை விரித்துவிடும். ஆக, மாற்றிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

இரண்டாவது மடை, எல்லை. டிகிரியைப் புள்ளியோடு எழுதுவதால் 'ஃப்ளோட்' கட்டளை தேவை. 25.0 என்பதில் புள்ளி விட்டுப்போனால் 250. அதுவும் எண்தான், ஆனால் எந்த உப்பளத்திலும் வராத எண். 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் 'நான்' என்ற ஆங்கிலச் சொல்லையும் ஃப்ளோட் மறுக்காமல் வாங்கும். '0-ஐவிடக் குறைவா, 40-ஐவிட அதிகமா?' என்று கேட்டால் இரண்டுக்கும் 'இல்லை' என்ற பதிலோடு அது உள்ளே நுழைந்துவிடும். '0-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கிறதா?' என்று கேட்டால் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பூஜ்யம். மூட்டைகளை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது யாராவது 0 என்று அடித்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலில் நடந்தது இதுதான். ஒரு கட்டத்தில் பூஜ்யம் பதிவாக, அதனால் வகுக்கப் போய்க் கப்பலின் கம்ப்யூட்டர் பிணையம் முடங்கியது. கப்பல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கடலில் அசையாமல் நின்றது.

நின்றுவிடக் கூடாதே என்று, தப்பான பதில் வந்தால் 0 என்று எடுத்துக்கொண்டு மேலே போகும்படி எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஸ்கிரிப்ட் தடங்கல் இல்லாமல் ஓடி முடியும். ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு கணக்கில் 0 ஆகியிருக்கும். வார முடிவில் கூலி குறைந்தால், எங்கே குறைந்தது என்று அவரால் காட்டவும் முடியாது. தெரியாத எண்ணை ஊகிக்கக் கூடாது. எது தப்பு என்று சொல்லி, திரும்பக் கேட்க வேண்டும்.

இத்தனை மடை கட்டினாலும் 35-க்குப் பதில் 53 என்று அடித்தால் அது உள்ளே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க மூட்டை பிடித்தவரால்தான் முடியும். அதனால் பதிவு செய்வதற்கு முன், 'இன்று மொத்தம் 93 மூட்டை, சரியா?' என்று ஸ்கிரிப்ட் ஒருமுறை கேட்கட்டும். 'இல்லம்மா, 75' என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.