கோரிக்கை மனு: சுற்றுலா விசாவில் வந்து கலை பயில விரும்புவோர் இங்கிருந்தே மாணவர் விசாவுக்கு மாற வழி வேண்டி

அனுப்புநர்:
செயற்குழுவினர்,
வெளிநாட்டு மாணவர்களுக்கு இசையும் நடனமும் கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கம்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
இணைச் செயலாளர் (வெளிநாட்டினர்) அவர்கள்,
மத்திய உள்துறை அமைச்சகம், புது தில்லி.

வழி: வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலர் அவர்கள், சாஸ்திரி பவன், ஹாடோஸ் சாலை, சென்னை.

நகல்: ஆணையர் அவர்கள், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை; இயக்குநர் அவர்கள், கலை பண்பாட்டுத் துறை, சென்னை.

பொருள்: இசை, நடனப் படிப்புக்கு இடம் கிடைத்த வெளிநாட்டவர், நாட்டை விட்டு வெளியேறாமலே சுற்றுலா விசாவிலிருந்து மாணவர் விசாவுக்கு மாற அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்னையிலும் தஞ்சாவூரிலும் சிதம்பரத்திலும் கர்நாடக இசையும் பரதநாட்டியமும் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். எங்களிடம் வரும் வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் முதல்முறை வருவது சுற்றுலா விசாவில்தான். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. இந்தக் கலைகளைக் கற்கத் தொடங்கும் முறையே அப்படி. அந்த முறையைத் தற்போதைய விசா விதி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே எங்கள் குறை. அதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

பொறியியல் படிக்க விரும்புபவர் மதிப்பெண் பட்டியலை அனுப்பி, ஊரில் இருந்தபடியே இடம் வாங்கிவிடலாம். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அது சரிவராது. குரல் சுருதியில் நிற்கிறதா, இரண்டாம் காலத்தில் தாளம் நழுவுகிறதா, அரைமண்டியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதையெல்லாம் நேரில்தான் பார்க்க முடியும். மாணவரும் ஆசிரியரைப் பார்த்தாக வேண்டும். கொரோனா காலத்தில் பெருகிய இணையவழிப் பாடம் இதற்கு மாற்று என்று சிலர் சொல்கிறார்கள். நாங்களும் அப்படிக் கற்பிக்கிறோம். ஆனால் ஒலி தாமதமாக வந்து சேரும் திரைக்கு இருபுறமும் இருந்துகொண்டு இருவர் சேர்ந்து ஒரு ஆதிதாளம் போட முடிவதில்லை.

ஒரு மாணவி எப்படி வந்து சேர்கிறார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். ஓஸ்லோவிலோ டொராண்டோவிலோ சிறுவயதில் தொடங்கி அரங்கேற்றம் வரை முடித்தவர், மார்கழிக் கச்சேரிகளைக் கேட்க ஒரு மாதம் சென்னைக்கு வருகிறார். காலையில் செயல்விளக்கச் சொற்பொழிவு, மதியம் இளையவர் கச்சேரி, மாலையில் பெரியவர் கச்சேரி, இடையிடையே சபா கேண்டீன். பொங்கலுக்குள் யாராவது ஒரு ஆசிரியரிடம் நாலைந்து பாடம் கேட்டிருப்பார். “உனக்கு உருப்படிகள் நிறையத் தெரிகிறது அம்மா, படிப்பு இனிமேல்தான்” என்று அந்த ஆசிரியர் சொல்லிவிடுகிறார். சில ஆண்டுகள் இங்கேயே தங்கிக் கற்க வேண்டும் என்ற முடிவு அந்த ஆசிரியர் வீட்டுக் கூடத்தில்தான் எடுக்கப்படுகிறது. விசா விண்ணப்பத்தில் ‘சுற்றுலா’ என்று குறித்த நாளில் அவர் எழுதியது பொய்யல்ல.

இனி விதிக்கு வருகிறோம். சுற்றுலா விசாவில் வந்தவர் மொழி, இசை, நடனம், கைவினை, சமையல் போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சி பெறலாம் என்ற சலுகை இருக்கிறது, அதற்கு நன்றியுடையோம். ஆனால் அது முறைசார்ந்த படிப்பாக இருக்கக் கூடாது. 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. தகுதிச் சான்றிதழோ பட்டயமோ வழங்கக் கூடாது. ஓராண்டு, 5 ஆண்டு மின்-சுற்றுலா விசா வைத்திருப்பவரும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஓர் ஆண்டில் மொத்தம் 180 நாள்களுக்கு மேல் தங்க இயலாது. மின்-விசாவை நீட்டிக்கவும் முடியாது, வேறு வகைக்கு மாற்றவும் முடியாது. 6 மாதத்தில் ஒருவர் ஒரு வர்ணத்தை ஒழுங்காகக் கற்கலாம். ராகத்தைத் தானே விரித்துப் பாடும் மனோதர்மம் அந்தக் கணக்கில் அடங்காது. கலாக்ஷேத்ராவின் பரதநாட்டியப் பட்டயமே 4 ஆண்டுப் படிப்பு.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கி, 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற கலாக்ஷேத்ராவாகட்டும், 2013இல் உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமாகட்டும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையாகட்டும், சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தாலும் சுற்றுலா விசாவில் இருப்பவர் வகுப்பில் உட்கார முடியாது. பிடித்த வாடகை வீட்டைக் காலி செய்து, தம்புராவையும் பெட்டிகளையும் யார் வீட்டிலாவது போட்டுவிட்டு, தம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, மறுபடி பறந்து வந்து, 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதில் எந்த அலுவலகத்தையும் நாங்கள் குறை கூறவில்லை. அவரவர் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். வழிதான் சுற்றுவழி. எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் வீணை கற்ற மாணவி இப்படிப் போய் வருவதற்குள் முதல் பருவத் தேர்வே நெருங்கிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பெண் என்பதால் இரண்டு விமானக் கட்டணத்தைத் தாங்கினார். இரவு வேலை செய்து காசு சேர்த்து வந்த மலேசிய இளைஞர் ஒருவர் போனவர் போனவர்தான். அவருடைய மிருதங்கம் இன்னும் ஆசிரியர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்ற அச்சமும் கற்பனையன்று. 2023 செப்டம்பர் 21 அன்று கனடா நாட்டவருக்கு விசா வழங்குவது நிறுத்தப்பட்டது. நவம்பர் 22இல்தான் மின்-விசா சேவை மீண்டும் தொடங்கியது. அரசுகளுக்கு இடையிலான விவகாரத்தில் கருத்துச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் விசா வகையை மாற்றுவதற்காக அந்த மாதங்களில் டொராண்டோவுக்குப் போயிருக்கக்கூடிய மாணவரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

அனைவருக்கும் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பிறந்த மாம்பலத்துப் பேரனுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கும், மாணவர் விசாவே தேவைப்படாமல் கல்லூரியில் சேர்ந்துவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் கனடாவிலும் நார்வேயிலும் பிரான்சிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த அட்டை பெரும்பாலும் கிடைக்காது. அவர்களுடைய பாட்டனார் இந்தியக் குடிமகனாக இருந்ததில்லை, இந்தியக் குடியுரிமைக்கு உரியவராகவும் இருந்ததில்லை. ஆனால் இன்று மயிலாப்பூரிலும் திருவான்மியூரிலும் எங்கள் வகுப்புகளில் வரிசையாக நிற்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். ஒரே தேவாரத்தைப் பாடக் கற்கும் இருவரில் ஒருவருக்கு வாசல் திறந்திருக்கிறது. மற்றவர் ஊர் திரும்பி மறுபடி மணி அடிக்க வேண்டியிருக்கிறது. ஓ.சி.ஐ. தகுதியை மாற்றுங்கள் என்று இங்கே கேட்கவில்லை. அது வேறு பெரிய விஷயம். இந்த வேறுபாட்டின் சுமையை விசா விதியாவது சற்றுக் குறைக்கலாமே என்கிறோம்.

எங்கள் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் அறிவோம். சுற்றுலா என்று வந்து படிப்பு என்று தங்கிவிடுபவர்களைக் கண்டு உலகமே கதவைச் சாத்துகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் சுற்றுலா விசாவினர் உள்ளிருந்தே மாணவர் விசா கேட்பதை நிறுத்திவிட்டது. பிரிட்டனிலும் அப்படி மாற முடியாது. ஆனால் அங்குள்ள கவலை, படிப்பைச் சாக்கிட்டு வேலைக்குத் தங்கிவிடுபவர்களைப் பற்றியது. இங்கே வயலின் கற்க வருபவர் யாருடைய வேலையையும் பறிப்பதில்லை. வாடகை, ஆசிரியர் தட்சிணை, பட்டுப் பாவாடை, சலங்கை, வாத்தியம் பழுது பார்ப்பவர் கூலி என்று செலவு செய்துவிட்டுத்தான் போகிறார். அமெரிக்காவோ கண்டிப்புக்குப் பேர்போன நாடாக இருந்தும் இந்த வாசலை முற்றாக மூடவில்லை. பி-2 சுற்றுலா விசாவில் இருப்பவர் ஐ-539 படிவத்தின் மூலம் எஃப்-1 மாணவர் நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் வரும்வரை படிப்பைத் தொடங்கக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அந்த நிபந்தனையை நாங்களும் மனமார ஏற்கிறோம்.

நம் விதிகளிலேயே விலக்குகளும் உள்ளன. சுற்றுலா வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டவர் மருத்துவ விசாவுக்கு மாறலாம். இந்தியரை மணந்துகொண்டவர் நுழைவு விசாவுக்கு மாறலாம். நோய்க்கும் கல்யாணத்துக்கும் திறக்கிற கதவு கல்விக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று எங்கள் மாணவர்கள் கேட்கும்போது எங்களிடம் பதில் இல்லை. ஒருவர் விளையாட்டாக, “அப்படியானால் கல்யாணமே பண்ணிக்கொள்கிறேன் சார்” என்றார். சிரித்தோம்.

1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் 4 சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதுச் சட்டத்தின் கீழ் நடைமுறைகள் நிலைபெற்று வரும் இந்த வேளையே எங்கள் வேண்டுகோள்களை முன்வைக்க ஏற்றது என்று கருதுகிறோம்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இசை, நடனம், தமிழ் மொழி ஆகிய படிப்புகளுக்கு இடம் பெற்றவர், சுற்றுலா விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்தால், இங்கிருந்தே மாணவர் விசாவுக்கு மாற அனுமதிக்க வேண்டும். வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகங்களுக்காக 2018இல் நாடெங்கும் வந்த இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையச் சேவை வழியாகவே இதைச் செய்யலாம். புது அலுவலகமோ புது ஆளோ தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் ஒருநாள்கூடத் தங்காதவர், செலவுக்குப் பணம் இருப்பதற்குச் சான்று காட்டுபவர், வாழ்நாளில் ஒருமுறை மட்டும் என்றெல்லாம் வரம்பு விதித்தாலும் மறுப்பில்லை. சந்தேகம் எழுந்தால் நேரில் அழைத்துப் பாடச் சொல்லலாம். பொய்யாக வந்தவர் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் தாண்டமாட்டார்.

அடுத்து, சேர்க்கை உறுதியாகும் முன்பே வருபவர்களுக்கென 6 மாதத் தற்காலிக மாணவர் விசா என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கலைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களுக்கும் அதைத் தயக்கமின்றி வழங்கும்படி தூதரகங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். அப்படியொன்று இருப்பதே எங்கள் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. இந்த விதிகளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு இணையத்தில் வைக்குமாறு அயலகத் தமிழர் நலத்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது எங்களைப் பற்றியது, கொஞ்சம் சிக்கலானது. நல்ல இசையில் பெரும்பகுதி இன்னும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும்தான் கற்பிக்கப்படுகிறது. பதிவு எண்ணோ முத்திரையோ இல்லாத குருவின் கடிதத்தை எந்த அதிகாரியும் ஏற்க முடியாது, அது நியாயமே. ‘ஸ்டடி இன் இந்தியா’ இணையவாசல் வழியாகப் பெறும் மின்-மாணவர் விசாவிலும் தனி ஆசிரியருக்கு இடமில்லை. எனவே அகில இந்திய வானொலியில் உயர்தரம் பெற்ற கலைஞர்கள், சங்கீத நாடக அகாதெமி விருது அல்லது கலைமாமணி விருது பெற்றவர்கள் ஆகியோரிடம் பயிலும் வெளிநாட்டு மாணவர்களை மாநில இசைப் பல்கலைக்கழகம் தன் ஏட்டில் இணைப்பு மாணவராகப் பதிந்துகொண்டு சான்று தர வகை செய்ய வேண்டும். மாணவர் வருகையைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்தக் குருவும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்கும். விருதில்லாத நல்லாசிரியர்கள் இதில் விடுபடுவார்கள் என்பது தெரியும். எங்கள் சங்கத்திலேயே அது குறித்து வாக்குவாதம் நடந்தது. எங்கேனும் தொடங்க வேண்டும் என்பதால் ஒப்புக்கொண்டோம்.

இதற்கு ஈடாக எங்கள் தரப்பிலும் ஒழுங்கு இருக்க வேண்டும். வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பல மூத்த வித்வான்களுக்குத் தெரியாது. பிள்ளையைப்போல வீட்டில் வைத்துச் சோறு போடுவதற்கு எதற்குப் படிவம் என்றே கேட்பார்கள். கல்வி நிறுவனங்கள் தர வேண்டிய மாணவர் விவரமும் அப்படியே. உறுப்பினர்கள் அனைவருக்கும் இதைக் கற்றுக்கொடுக்கும் பணியைச் சங்கம் ஏற்கும். பதிவு அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் ஒருநாள் வந்து விளக்கினால் அரங்கும் பார்வையாளர்களும் எங்கள் பொறுப்பு.

முதன்மைக் கோரிக்கை இப்போதைக்கு இயலாது என்று அமைச்சகம் கருதினால், குறைந்தபட்சம் மாணவர் சொந்த நாடு வரை போகாமல், கொழும்பிலுள்ள இந்திய உயர் ஆணையத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்துப் பெற அனுமதிக்க வேண்டும். அதை இடைக்கால ஏற்பாடாகவே கேட்கிறோம்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கை ஜூன் மாதத்தில் தொடங்கும் முன் எங்கள் பிரதிநிதிகள் ஐவரை நேரில் அழைத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம். பாதிக்கப்பட்ட மாணவர்களின் சம்மதத்தோடு அவர்களுடைய சேர்க்கைக் கடிதங்களையும் பயண விவரங்களையும் கொண்டுவருவோம். தில்லியானாலும் சென்னையானாலும் வருகிறோம். மார்கழியில் மட்டும் நாள் குறிக்க வேண்டாம். அப்போது எங்களில் பாதிப் பேர் மேடையிலும் மீதிப் பேர் மாணவர்களை மேடையேற்றிக்கொண்டும் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர் / செயலாளர் / பொருளாளர்
(செயற்குழு உறுப்பினர்களின் ஒப்பங்கள் தனித்தாளில்)

இடம்: சென்னை